மூன்றாவது தட்டு

ஹைட்ரூன் கெம்ஃபெ இறந்த செய்தியை எங்கள் ஊர்ப் பத்திரிகை ஏழே வரியில் முடித்துவிட்டது. ஆர்ன்ஸ்ரோடா அரண்மனை இசை மண்டபத்தின் முன்னாள் பொறுப்பாளர், வயது அறுபத்தேழு, விதானம் இடிந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர், யாரிடமும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குப் பரணில் கைவைத்தவர். கடைசி விவரம் அப்படியே அச்சில் வந்திருக்கிறது. எழுதினவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. விசாரணை அறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறான், அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. அறிக்கை அப்படி ஆனதற்குக் காரணம் நான். அதனால் மீதியை நான் எழுதுகிறேன்.

என் பெயர் கெர்னோட் லைஷ்னர். அரண்மனை வாத்தியக் குழுவில் முப்பத்துமூன்று வருஷமாக வயலோன் வாசிக்கிறேன். ஆள் உயரத்துக்கு நிற்கும், ஆறு தந்தி, வில்லை இழுத்தால் முன்வரிசைக்காரர்களின் நாற்காலிக் கால் வழியாக ஏறும் சத்தம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பகுதியை ஆண்ட ட்யூக் இந்த மண்டபத்தைக் கட்டிப் பதினெட்டு வாத்தியக்காரர்களை வேலைக்கு வைத்தார். அவர்கள் வாசித்த இசை ஏடுகளைத்தான் இன்றைக்கும் வாசிக்கிறோம், அதே ஆட்டுக்குடல் தந்திகளில், அதே தாழ்ந்த சுருதியில். பீங்கான் தொழிற்சாலையை மூடின பிறகு எங்கள் ஊருக்குச் சொல்லிக்கொள்ள வேறு பெருமை இல்லை.

அந்த மண்டபத்தின் காது ஹைட்ரூன். அவளுடைய அப்பா ரயில்வேயில் சக்கரம் தட்டுகிறவர். வண்டி வந்து நின்றதும் நீளக் காம்பு வைத்த சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டிக் கேட்பார். நல்ல சக்கரம் மணியாக ஒலிக்கும், விரிசல் விட்டது சட்டியாக ஒலிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவோடு நடந்து நடந்து அவளுக்கும் அந்தக் காது வந்துவிட்டது. எண்பத்திநாலில், அரண்மனையின் கீழ்த்தளம் கூட்டுறவுப் பண்ணையின் உருளைக்கிழங்குக் கிடங்காக இருந்த காலத்தில், தரை துடைக்க வேலைக்குச் சேர்ந்தாள். கிழக்கு ஜெர்மனியையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்து நாடு மாறியபோது அவள் புருஷன் ஊடோ மேற்கே வேலை தேடிப் போனான். "வேலையும் கிடைச்சுது, கூடவே ஒருத்தியும் கிடைச்சா. கெட்டிக்காரன்" என்பாள். அதற்குமேல் அந்தக் கதையைச் சொல்லமாட்டாள். அரண்மனை வாயில்காப்பு வீட்டின் மாடியில் தனியாக இருந்தாள்.

பழைய மண்டபங்களில் ஒரு தொல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் எங்கோ ஏதோ ஒன்று கூடவே கிர்ரென்று அதிரும். சரவிளக்குக் கண்ணாடியாக இருக்கலாம், ஜன்னல் கொண்டியாக இருக்கலாம். எங்களுக்குள் அதற்கு ஈ என்று பெயர். ஒத்திகையில் ஈ கேட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு ஹைட்ரூனைக் கூப்பிடுவோம். நான் அந்தச் சுரத்தை இழுத்துக்கொண்டே இருப்பேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலுறையோடு மண்டபம் முழுக்க நடப்பாள். ஓர் இடத்தில் நிற்பாள். கையை நீட்டித் தொடுவாள். ஈ செத்துவிடும். பிஸ்கட் டப்பா ஒன்றில் கார்க் சீவல், தீக்குச்சி, அழுத்திய கம்பளியான ஃபெல்ட் துண்டுகள் எல்லாம் வைத்திருப்பாள். பொருத்தமான ஒன்றை எடுத்து அந்த இடத்தில் செருகிவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு தடவை எங்கள் வாத்தியக் குழுவை நடத்தும் ஃபோல்க்மார் ஸீஷெ அரைமணி நேரம் எல்லாரையும் வறுத்தெடுத்தார். ஈ எங்கே, ஈ எங்கே என்று மேடையைச் சுற்றி வந்தார். ஹைட்ரூன் நேராக அவரிடம் போய் அவருடைய கோட்டுப் பையில் கைவைத்தாள். உள்ளே கார் சாவிக்கொத்து.

"ஹெர் ஸீஷெ, ஈயை நீங்களே வளர்த்துக்கிட்டு எங்களப் பிடிக்கச் சொன்னா எப்படி?" என்றாள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. எங்கள் மண்டபத்தில் கச்சேரி தொடங்குவது கோலால்தான். ட்யூக் காலத்து வழக்கம் அது. நடுக் கதவருகே தரையில் ஒரு கருவேலப் பலகை பதித்திருக்கிறது. கறுப்பு உடுப்பில் ஹைட்ரூன் வந்து நின்று, ஆளுயரக் கோலால் அதில் மூன்று தட்டுத் தட்டுவாள். முதல் தட்டுக்குப் பேச்சு அடங்கும். இரண்டாவதுக்கு இருமல் அடங்கும். அதற்குப் பிறகு ஓர் இடைவெளி விடுவாள். நீளமாக, பொறுக்க முடியாத அளவுக்கு விடுவாள். மண்டபம் முழுக்க அமைதியாகிவிட்டதென்று அவள் காதுக்குப் பட்டால்தான் மூன்றாவது தட்டு விழும். மூன்றாவது தட்டுக்கு முன்னால் எங்கள் வில் எழும்பாது. பழைய ஆட்சியில் கட்சிக்காரர் ஒருவர் அந்தக் கோலை எடுத்துவிட்டு மின்சார மணி வைத்தாராம். மணி அடித்தும் வாத்தியக்காரர்கள் அசையவில்லையாம். மறுவாரமே கோல் திரும்பி வந்துவிட்டது.

இனி விதானம் இடிவதற்கு முந்தின அக்டோபருக்கு வருகிறேன். மண்டபத்தின் முந்நூறாவது ஆண்டு விழா அடுத்த ஜூனில் வரவிருந்தது. ட்யூக்கின் ஏடுகளிலிருந்து, எழுதினவர் பெயர் தெரியாத ஒரு பெரிய பாட்டுக் கோவையை எடுத்திருந்தோம். வானொலி நேரடியாக ஒலிபரப்புவதாக ஏற்பாடு. அதன் நடுவில் மற்ற எல்லாரும் மேல்சுரங்களில் போக, அடியில் நான் மட்டும் டி என்ற தாழ்ந்த சுரத்தை இருபத்துநாலு தாள அளவுக்கு நிறுத்திப் பிடிக்கவேண்டும். வயலோன்காரன் வாழ்க்கையில் இப்படி ஓர் இடம் ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும். முதல் ஒத்திகையில் வில்லை வைத்தேன். கிர்ரென்றது.

"கெர்னோட், உன் டி-யில ஈ இருக்கு" என்றாள் ஹைட்ரூன் கதவருகிலிருந்து.

"என் டி-யில இல்ல. உன் மண்டபத்துல இருக்கு."

"மண்டபம் எப்ப எனக்கு எழுதி வச்சாங்க? ட்யூக் காதுல விழுந்தா கல்லறையிலிருந்து எழுந்து வந்துருவாரு."

அன்றைக்கு அவள் மூன்று சுற்று நடந்தாள். சரவிளக்கு இல்லை, ஜன்னல் இல்லை, பியானோவுக்கு முந்தின வாத்தியமான ஹார்ப்சிகார்டின் மூடியும் இல்லை. நாலாவது சுற்றில் நடுமண்டபத்தில் நின்று தலையை மேலே தூக்கினாள். எங்கள் விதானத்தின் நடுவில் சுதையில் செய்த சூரிய தேவன் நாலு குதிரை பூட்டின தேரில் போகிறான். தேரின் அகலம் மட்டும் ஆறு மீட்டர். அதற்கு நேர் கீழே ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரிசை வரை.

"மேல இருந்து வருது" என்றாள்.

"அப்ப மேல போய்ப் பிடி."

பரணுக்குப் போகும் படி ஒரு ஆள் ஒருக்களித்து ஏறும் அகலம்தான். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறினாள். நான் கீழே டி-யை இழுத்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும், என் தோள் கழன்றுவிடும் போலிருந்தபோது ஈ சட்டென்று நின்றது. என் டி மட்டும் தனியாக, வழுவழுவென்று மண்டபம் முழுக்க நிறைந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைக்கக் கூசுகிறது.

தலைமுடியில் ஒட்டடையோடு இறங்கி வந்தாள். தேரைத் தாங்குவதற்காக உத்திரத்திலிருந்து ஒன்பது இரும்புக் கம்பிகள் இறங்குகின்றனவாம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்டு. எட்டு நட்டுகள் உத்திரத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்க, ஒன்பதாவது மட்டும் சுண்டுவிரல் அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டு தொளதொளவென்று ஆடியதாம். அந்தச் சந்தில் ஃபெல்ட்டை மடித்துச் செருகிவிட்டேன் என்றாள்.

"பரண்ல தொட்டா பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதணும், கெர்னோட். விதி அப்படி."

"எழுதினா அவங்க வந்து பார்க்கிற வரைக்கும் மண்டபத்தப் பூட்டிருவாங்க. ஆறு வாரம். ஒரு துண்டு ஃபெல்ட்டுக்கா?"

"அதுவும் சரிதான்."

"நீ எதத் தொட்ட? ஒரு ஈயக் கொன்ன. அவ்வளவுதான்."

சிரித்தாள். எழுதவில்லை. எழுதாதே என்று சொன்னவன் நான். செருகு என்று சொன்னவனும் நான்.

அந்தக் குளிர்காலத்தில் மண்டபத்தில் பதினாலு கச்சேரி நடந்தது. ஒவ்வொன்றுக்கும் இருநூற்றெண்பது பேர், ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரை எப்போதும் நிறைந்திருக்கும், சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கும். டிசம்பரில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் வந்து அந்த வரிசைகளில் உட்கார்ந்து காலாட்டினார்கள். அவர்களுக்காக நான் டி-யை வேண்டுமென்றே ஓங்கி வாசித்துக் காட்டினேன். நாற்காலி அதிர்கிறது என்று சிரித்தார்கள்.

ஜனவரி முதல் காலையில் ஹார்ப்சிகார்டின் மூடியில் வெள்ளைப் பொடி படிய ஆரம்பித்தது. மாவு சலித்த மாதிரி மெல்லிசாக இருக்கும். ஹைட்ரூன் துடைப்பாள், மறுநாள் இருக்கும். மார்ச்சில் ஒருநாள் வெறும் மண்டபத்தில் நின்று ஒரு கைதட்டு தட்டினாள். பிறகு இன்னொன்று.

"என்னமோ ஒண்ணு சரியில்ல" என்றாள்.

"ஈயும் இல்ல, கொசுவும் இல்ல. இவ்வளவு சுத்தமா இந்த மண்டபம் என்னைக்கும் கேட்டதில்ல."

"அதத்தான் சொல்றேன். எப்பவும் எங்கயாச்சும் லேசா முனகிக்கிட்டு இருக்கும். இப்ப மூச்ச அடக்கிக்கிட்டு நிக்குது."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் கட்டடப் பொறியாளர் டென்ஸ்லர் வந்தார். விதானத்து விரிசல்களின் குறுக்கே அங்கங்கே ஜிப்சம் பூசித் தேதி கீறி வைத்திருப்பார்கள். விரிசல் நகர்ந்தால் ஜிப்சம் உடைந்து காட்டிக்கொடுக்கும். எட்டுப் பூச்சும் முழுசாக இருந்தன. பரணில் ஏறி ஒன்பது கம்பிகளையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்பதும் இறுக்கமாக இருந்தன. விழா நடத்தத் தடையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சர்க்கரை தூவின திராட்சைக் கேக்கு இரண்டு துண்டு சாப்பிட்டுப் போனார்.

விழா ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம், பழைய குதிரைலாயத்தில் இருக்கும் எங்கள் சாப்பாட்டறையில் நான் உருளைக்கிழங்கு உருண்டையைக் குழம்பில் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஹைட்ரூன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் தட்டில் வெங்காயம் தூவின பன்றிக் கொத்துக்கறி ரொட்டி. அதைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு துண்டுகளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அவள் சுண்டுவிரல் தடிமனுக்கு மடித்த புது ஃபெல்ட். மற்றது பழுப்பாக, அட்டையைப் போல விறைத்து, காகிதம் அளவுக்கு மெலிந்து கிடந்தது.

"பூச்சி அரிச்சிருக்கும், மாத்தி வைப்போம்னு காலைல பரணுக்குப் போனேன். உருவினா வரல. கத்தியால ஓரத்த அறுத்து எடுத்தேன். இதுதான் அது" என்றாள்.

நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அக்டோபர்ல அந்தக் கம்பி மேல ஒரு பாரமும் இல்ல, கெர்னோட். ஆடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நட்டு இதக் காகிதமா நசுக்கி வச்சிருக்கு. தேர் ஒரு விரல் கீழ இறங்கியிருக்கு. மத்த எட்டும் மரத்துல புதைஞ்சு கைவிட்டிருச்சு. அது இப்ப இந்த ஒரு கம்பியில தொங்குது."

"டென்ஸ்லர் பார்த்தாரே. ஒன்பதும் இறுக்கம்னு எழுதியிருக்காரே."

"இறுக்கமாத்தான் இருக்கு. அதுதான் விபரீதம். தொளதொளன்னு இருந்தது எனக்கு மட்டுந்தான் தெரியும். உனக்கும்."

அந்த 'உனக்கும்' அவள் அழுத்திச் சொல்லவில்லை. ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முந்நூறு வருஷம் நின்னது இன்னும் ரெண்டு நாள் நிக்காதா? ஞாயித்துக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை காலைல நானும் உன்கூட வந்து சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை உன் டி இருபத்துநாலு அளவு."

"ஆமா."

"சரி, சாப்பிடு. ஆறிரும்" என்று எழுந்து போனாள். ரொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை அரண்மனை இயக்குநர் அல்முட் ரைன்ஸ்டோர்ஃபிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அல்முட் கெட்டவள் இல்லை. முற்றத்தில் வானொலிக்காரர்களின் வண்டி வந்து நின்றாயிற்று, மாநில அமைச்சர் வருகிறார், கையில் பொறியாளரின் கையெழுத்து இருக்கிறது. அவள் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன். டென்ஸ்லருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து நான் ஏடு வாங்க அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

"கம்பி இறுக்கமா இருந்தா அது பாரத்தத் தாங்குதுன்னு அர்த்தம், ஃப்ராவ் கெம்ஃபெ. தொங்குச்சுன்னாத்தான் கவலப்படணும்" என்றது டென்ஸ்லரின் குரல்.

"தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் ஃபெல்ட் வச்சு அடைச்சேன்."

"எவ்வளவு தடிமன்?"

"இவ்வளவு" என்று விரலைக் காட்டினாள், போனில் தெரியாது என்பதை மறந்து.

"எங்கயும் பதிவு இல்லையே."

"நான் பதியல."

அல்முட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஃப்ராவ் கெம்ஃபெ, முப்பது வருஷமா உங்க காத நம்பித்தான் இந்த மண்டபம் நடக்குது. ஆனா காத வச்சு அமைச்சருக்குப் பதில் சொல்ல முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஹெர் லைஷ்னர், அக்டோபர்ல மேல இருந்து ஏதாவது சத்தம் வந்துச்சா?"

ஹைட்ரூன் என்னைப் பார்த்தாள்.

"பழைய மண்டபம். எப்பவும் ஏதாவது ஒண்ணு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்" என்றேன்.

ஏட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியிறங்கினேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம்கூட நன்றாகவே வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது. ஆறாவது வரிசையில் என் அக்கா, அவள் புருஷன், அவர்களின் இரண்டு பெண்கள், நான் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில். நான் வயலோனைத் தோளில் சாய்த்துக்கொண்டு விதானத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். ஹார்ப்சிகார்டின் கறுப்பு மூடியில் பொடி இருந்தது. மதியம்தான் துடைத்தார்கள்.

நாலு மணி. நடுக் கதவருகே ஹைட்ரூன் வந்து நின்றாள். முதல் தட்டு. பேச்சு அடங்கியது. இரண்டாவது தட்டு. இருமல் அடங்கியது.

மூன்றாவது வரவில்லை.

அவள் விடும் இடைவெளி எங்களுக்குப் பழக்கம். அது கடந்தது. இன்னும் அவ்வளவு கடந்தது. ஸீஷெ கையைத் தூக்கியபடியே நின்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு அவர்களும் அடங்கினார்கள். வானொலியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாடு முழுக்க எங்கள் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஹைட்ரூன் கோலைத் தரையில் ஊன்றாமல், சத்தம் வராமல், சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நான் தட்டப்போறதில்ல" என்றாள். பெரிய குரல் கிடையாது. அந்த மண்டபத்தில் பெரிய குரல் தேவையும் இல்லை. "இந்த விதானம் ஒரு கம்பியில தொங்குது. அது அக்டோபர்லயே சத்தம் போட்டுச்சு. நான்தான் வாய அடைச்சேன். எங்கப்பா சக்கரத்தத் தட்டுவாரு. சத்தம் கெட்டிருந்தா வண்டிய நிறுத்துவாரு. நான் வண்டிய விட்டுட்டு சத்தத்த நிறுத்தினேன். ஓடாதீங்க. மெதுவா, பேசாம எழுந்து வெளிய போங்க. தயவு செஞ்சு போங்க."

யாரும் எழவில்லை. ஜெர்மன்காரர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அல்முட் பக்கக் கதவிலிருந்து வேகமாக வந்தாள். ஸீஷெ எங்கள் பக்கம் திரும்பி, "தொடங்கலாம்" என்று உதட்டை மட்டும் அசைத்து, கையை மேலே தூக்கினார்.

நான் எழுந்தேன். வயலோனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே நடந்தேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். பயம். என் அக்காவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடித்தந்தி போய்விட்டால் மேலே வாசிக்கிறவர்களுக்குப் பிடிமானம் இல்லை. செல்லோக்காரி எழுந்தாள், பிறகு ஓபோக்காரர்கள். மேடை காலியானதைப் பார்த்த பிறகுதான் சனங்கள் எழுந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டு, கோட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் போனார்கள். கடைசி ஆள் போகும்வரை ஹைட்ரூன் நடுமண்டபத்தில், தேருக்கு நேர் கீழே நின்று கையைக் காட்டி வழி அனுப்பினாள்.

அன்றைக்கு எதுவும் விழவில்லை. திங்கட்கிழமையும் விழவில்லை. பேக்கரியில், "எங்க, உன் விதானம் இன்னும் இடியலையா?" என்று அவளைக் கேட்டார்களாம். அல்முட் அவளிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். டென்ஸ்லர் செவ்வாய்க்கிழமை கோபத்தோடு வந்து பரணில் ஏறினார். உளியால் மற்ற எட்டு நட்டுகளில் ஒன்றின் அடியில் மரத்தைக் குத்தினார். உளி பிடிவரைக்கும் உள்ளே போனது. வண்டு தின்று உத்திரம் வெறும் தோலாக இருந்தது. அவர் இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. நேராகப் போய் நடுக் கதவைப் பூட்டி, உள்ளே இருக்கும் ஹார்ப்சிகார்டை எடுக்கக்கூட ஆள் போகக்கூடாது என்றார்.

புதன்கிழமை காலை பத்தரைக்குக் குதிரைலாயத்தில் உட்கார்ந்திருந்தேன். லாரியிலிருந்து மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் நீளமாக வந்தது. அதற்குள்ளிருந்து ஹார்ப்சிகார்டின் எல்லாத் தந்திகளும் ஒரே நேரத்தில் ஒரு தடவை ஒலித்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஐந்தாவது வரிசையிலிருந்து பன்னிரண்டாவது வரை நாற்காலி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

விசாரணை செப்டம்பரில் நகராட்சிக் கட்டடத்தில் நடந்தது. இடிந்ததற்கு யாராவது ஒருவர் காரணமாக இருக்கவேண்டும். வண்டைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. ஃபெல்ட் வைக்காமல் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே கம்பி ஆடுவதைப் பொறியாளர் பார்த்திருப்பார், மண்டபத்தையே காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதி வாசித்தார்கள். அது உண்மையும்கூட. ஹைட்ரூன் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

"ஃப்ராவ் கெம்ஃபெ, இந்த வேலையச் செய்யச் சொல்லி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றார் விசாரணை அதிகாரி.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா கீறுகிற சத்தம் அடங்கியது. யாரோ இருமி, அதுவும் அடங்கியது. எனக்குத் தெரிந்த இடைவெளி அது. இருபத்தாறு வருஷம் அதற்குள் உட்கார்ந்து வில்லைப் பிடித்துக் காத்திருந்தவன் நான். எவ்வளவு நீளம் விடுவாள், எங்கே முடியும் என்று என் உடம்புக்கே தெரியும். அது முடிந்தது. அதைத் தாண்டியும் விட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"யாரும் கேக்கல. ஈ பிடிக்கிறது என் வேலை" என்றாள்.

வேலை போயிற்று. வாயில்காப்பு வீடும் போயிற்று. ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் அடுக்குமாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். விசாரணை முடிந்த அன்றைக்கு முற்றத்தில் அவளை மறித்து, "ஏன் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? உனக்குத்தான் இடம் விட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவளைத் தெருவில் பார்த்தால் தலையசைப்பேன், அவளும் தலையசைப்பாள். நாங்கள் இப்போது பழைய குதிரைப் பயிற்சிக் கொட்டகையில் வாசிக்கிறோம். இரும்புக் கூரை, புது நாற்காலி, கோலுக்குப் பதில் விளக்கை மங்கவிடுகிறார்கள். போன மாதம் அவளை அடக்கம் செய்தபோது பதினோரு பேர் வந்திருந்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் இருநூற்றெண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபெல்ட்டைச் செருகச் சொன்னது நான். எழுதாதே என்று சொன்னதும் நான். அக்டோபரில் கேட்ட சத்தம் மேலிருந்துதான் வந்தது, அது எனக்குத் தெரியும். இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன், போடுவார்களோ தெரியாது. விசாரணையில் அந்தக் கேள்வியைக் கேட்டு ஏழு வருஷம் ஆகிறது, ஹைட்ரூன். பதில் இதுதான்.